கட்சித் தாவல் தடை: பினாங்கு, கோலாலம்பூர், டெல்லி மூன்றில் எது ஆட்சியாளரின் கையைக் கட்டுகிறது?

அரசாங்கம், நாடாளுமன்றம், நீதிமன்றம் மூன்றும் தனித்தனி என்று பள்ளியில் படித்திருப்போம். மலேசியாவில் முதல் இரண்டுக்கும் நடுவே சுவரே இல்லை. பிரதமர் மக்களவையிலேயே உட்கார்ந்திருக்கிறார். 222 பேரில் 112 பேர் பக்கம் நிற்கும் வரைதான் பதவி. உறுப்பினரின் வாக்குதான் கடிவாளம். ஒரு கட்சியில் வென்றவர் பிறகு கட்சி மாறினால் தொகுதியைப் பறிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் கைவைப்பது அந்தக் கடிவாளத்தில்தான்.

தடை வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2009இல் பேராக் மாநிலத்தில் ஆளும் அணியின் மூன்று பேர் விலகி எதிரணிக்கு ஆதரவு தந்ததும் 59 இடச் சட்டமன்றம் 28க்கு 28 என்று ஆகி ஆட்சி கவிழ்ந்தது. 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் நகர்வு (ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் கூட்டமாக அணி மாறியது) 22 மாத மத்திய அரசைச் சாய்த்தது. ‘தவளைகள்’ என்று தாவியவர்களை வைவது எல்லார் வாயிலும் புகுந்தது.

மீண்டும் துணிந்தது பினாங்கு. 1992இல் கிளந்தானின் இதே மாதிரிச் சட்டத்தை, சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று நோர்டின் சாலே வழக்கில் நீதிமன்றம் தள்ளியிருந்தது. தெரிந்தேதான் பினாங்கு சட்டமன்றம் 2012இல் மாநில அரசமைப்பில் 14ஏ பிரிவை எழுதியது. கட்சியை விட்டு விலகினாலும், நீக்கப்பட்டாலும், வேறு எந்தக் காரணத்தால் உறுப்பியம் போனாலும் தொகுதி காலி. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஓட்டை இல்லாத வாசகம்தான். ஆனால் ‘நீக்கப்பட்டாலும்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். நீக்கும் அதிகாரம் கட்சித் தலைமையிடம். ஆளுங்கட்சியில் அந்தத் தலைமையில் மந்திரிகளே இருப்பார்கள். முதலமைச்சரைக் கேள்வி கேட்கும் சொந்தக் கட்சிக்காரரின் நாற்காலி, அவர் கேள்வி கேட்கும் ஆட்களின் கையிலேயே இருக்கிறது.

கூட்டரசு அரசமைப்பின் 49ஏ பிரிவு (2022 அக்டோபர் 5 முதல் நடப்பில்) அந்த இடத்தில் விலகி நடக்கிறது. கட்சியை விட்டுத் தானாக வெளியேறினால் தொகுதி போகும். கட்சி நீக்கினால் போகாது. கட்சி சொன்னபடி வாக்களிக்காததும் குற்றமில்லை. அடங்க மறுப்பவருக்கு இது நல்ல கவசம். தவளைக்கும் அதே கவசம் கிடைத்துவிட்டது என்பதுதான் சிக்கல். எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்கள் கட்சியை விடாமலே பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். கட்சி தன் சட்டவிதியைத் திருத்தி அவர்கள் உறுப்பியம் தானாகவே போய்விட்டது என்றது. 2024 ஜூலையில் சபாநாயகர் ஏற்கவில்லை. ஆறு தொகுதியும் காலியாகவில்லை. ஒரு கட்சியே முழுதாகக் கூட்டணி மாறினால், இந்தப் பிரிவுக்கு அங்கே வேலையே கிடையாது.

இந்தியாவின் 10ஆம் அட்டவணை (1985) மூன்றிலும் கடுமையானது. கொறடா (கட்சி எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்பவர்) உத்தரவை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், பதவிக்கே ஆபத்து. ஆளுங்கட்சி உறுப்பினர் மசோதாவுக்கு எதிராகக் கை தூக்குவது அங்கே அரிது. மூன்றில் இரண்டு பங்கு சட்டமன்ற உறுப்பினர்களோடு வேறு கட்சியில் இணைந்தால் மட்டும் தப்பலாம். ஒருவராகப் போனால் தாவல், கும்பலாகப் போனால் இணைப்பு!

49ஏ பிரிவும் இந்தியச் சட்டமும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன: தீர்ப்புச் சொல்லும் சபாநாயகர். 49ஏ அவருக்கு 21 நாள் கெடு வைக்கிறது. இந்தியச் சட்டத்தில் கெடுவே இல்லை. தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தங்கள் அதிமுக முதலமைச்சருக்கே எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் (ஓபிஎஸ்) அணியின் 11 பேர் பதவியில் நீடித்தார்கள். ஆளுநரிடம் மனு கொடுத்த, அதே கட்சியின் தினகரன் அணியின் 18 பேர் செப்டம்பரில் தகுதி இழந்தார்கள். சபாநாயகர் ஒருவரே. நம் மக்களவையிலும் 2020 ஜூலையில் 111க்கு 109 என்ற வாக்கில் சபாநாயகர் மாற்றப்பட்டார். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நாற்காலி ஆடும் ஒருவர், அதே பெரும்பான்மைக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது எளிதா?

ஆட்சியைக் கண்காணிப்பதுதான் அளவுகோல் என்றால் எங்கள் தேர்வு 49ஏ. கசிவு இருந்தாலும் வாக்கைப் பூட்டவில்லை. தீர்ப்பை மட்டும் சபாநாயகரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். வழி இந்திய அரசமைப்பிலேயே இருக்கிறது: ஆதாயப் பதவி போன்ற மற்றத் தகுதியிழப்புகளில் 103ஆம் பிரிவின்படி தேர்தல் ஆணையம் கருத்துச் சொல்லும், குடியரசுத் தலைவர் அதன்படியே நடக்க வேண்டும். தாவலை மட்டும்தான் சபாநாயகரிடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.