டெஸ்மோகிளைன் 1, டெஸ்மோகிளைன் 3: எதன் பிடி விட்டால் ஆபத்து அதிகம்?

மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதில் இந்த இரு புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டும் கேடரின் என்ற, செல்களை ஒட்டவைக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கால்சியம் இல்லாவிட்டால் இரண்டின் பிடியும் தளரும். வேறுபாடு அவை இருக்கும் இடத்தில்தான். தோலின் மேலடுக்குகளில் 1 மிகுதி; அடியடுக்குகளில் 3. வாயின் உட்சவ்விலோ பெரும் பொறுப்பு 3-உடையது.

ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒரு நச்சு, டெஸ்மோகிளைன் 1-ஐ மட்டும் தேடி வெட்டுகிறது. குழந்தையின் தோல் வெந்நீர் கொட்டியதுபோல் உரிகிறது, பெற்றவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் வாய்க்குள் ஒன்றும் ஆவதில்லை, அங்கே 3 தாங்கிக்கொள்கிறது. பிளவு மேலோட்டமானது என்பதால், உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடும்.

பெம்பிகஸ் வல்காரிஸ் நோயில் கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களே 3-ஐத் தாக்குகின்றன. பலருக்கு வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். சோற்றை விழுங்குவதே வேதனையாகிவிடும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணை உடல்சூடு என்று தள்ளிப்போடவே கூடாது. எதிர்ப்பொருள்கள் 1-ஐயும் தாக்கத் தொடங்கினால் தோலிலும் கொப்புளங்கள் பரவும். நுண்ணோக்கியில் அடிவரிசைச் செல்கள் மட்டும் அடித்தளத்தோடு ஒட்டி நிற்கும். அவற்றுக்கு மேலுள்ளவை கழன்று கிடக்கும்.

என் கணிப்பில் 3-இன் இழப்பே அஞ்சத்தக்கது. ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்பு, பெம்பிகஸ் வல்காரிஸ் கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.