சைட் வேர்ட்ஸ்: அட்டை காட்டி மனப்பாடமா, ஒலி கூட்டிப் படிப்பதா?

யூகேஜி பிள்ளையின் பையில் ஒருநாள் ஒரு தாள் வந்திருக்கும். அதிலுள்ள ஆங்கிலச் சொற்களைப் பார்த்தவுடன் படிக்க வீட்டில் பழக்க வேண்டுமாம். இவற்றைத்தான் 'சைட் வேர்ட்ஸ்' என்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் டால்ச் பட்டியலில் இருப்பவையாகவே இருக்கும். குழந்தைகளுக்கான நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களை அமெரிக்கரான எட்வர்ட் டால்ச் 1936இல் தொகுத்தார். பெயர்ச்சொற்கள் 95 தனி.

பிளாஷ் கார்டு காட்டிப் பழக்குவதுதான் நமக்குப் பழகிய வழி. பலன் சீக்கிரம் தெரியும், பாட்டி தாத்தா முன்னால் படித்துக் காட்டலாம். ஆனால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் சொல்லின் உருவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். 'வாஸ்' (was) என்பது 'சா' (saw) ஆகும், 'தெம்'மும் (them) 'தென்'னும் (then) குழம்பும். அட்டையில் இல்லாத சொல் வந்தால் நம் முகத்தைத்தான் பார்க்கும்.

எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கும் ஃபோனிக்ஸ் முறை இதற்கு நேரெதிர். இங்கிலாந்தில் 2012 முதல் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது. 40 சொற்களில் 20 அகராதியிலேயே இல்லாதவை. மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது! சரி, ஆனால் 'ஒன்' (one) என்ற சொல்லை ஒலி கூட்டிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் திணறும்.

என் ஓட்டு இரண்டுக்கும் இடைப்பட்ட வழிக்கு. முதலில் பட்டியலைச் சலியுங்கள். 'கேன்', 'டிட்', 'ஜம்ப்', 'ஸ்டாப்' எல்லாம் ஒலி கூட்டினாலே வந்துவிடும். அவற்றுக்கு அட்டை வீண். மிச்சத்திலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. 'செட்' (said) என்ற சொல்லில் எஸ்ஸும் டியும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன. நடுவிலுள்ள ஏ-ஐ மட்டுமே 'எ' என்று ஏமாற்றுகிறது. அந்த இரண்டு எழுத்தை மட்டும் வட்டமிட்டு, 'இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ' என்றால் போதும். எழுத்தும் ஒலியும் மனதில் இணையும்போதுதான் சொல் தங்குகிறது என்பது லின்னியா எரி என்ற ஆய்வாளர் விளக்கிய கருத்து.

தமிழுக்கு இப்படிப் பட்டியல் தேவையில்லை. 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப'வும் வேறுவேறாக ஒலித்தாலும், காதில் கேட்ட சொல் என்பதால் பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும். ஆங்கிலம் புழங்காத வீட்டில் அந்த வசதி இல்லை. 'ஆஃப்' (of), 'டஸ்' (does) என்று தனியாக நீட்டினால் பிள்ளைக்கு அது வெறும் சத்தம். ஒரு சின்ன வாக்கியத்தில் வைத்துச் சொல்லிக்காட்டுங்கள். அப்புறம் வேகத்துக்காக அட்டையை எடுக்கலாம், ஒரு தடவைக்கு மூன்று நான்கு சொல் போதும்.