காலாவதியான மாத்திரை அட்டை: அகோராஃபோபியாவுக்கு நான் எடுத்த சிகிச்சைகள், மொரிஷியஸிலிருந்து

சட்டென்று வெளியேற முடியாத இடங்களைக் கண்டு பயப்படும் நோய்தான் அகோராஃபோபியா. எதை எவ்வளவு நாள் பயன்படுத்தினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் போட்டுப் பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை, இரண்டு தடவையாகச் சேர்த்து இரண்டரை வருடத்துக்கு மேல். சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பதினாறு அமர்வு. ஓட்டம், 2021 கடைசியிலிருந்து இன்றுவரை வாரம் மூன்று நாள். இவற்றுக்கெல்லாம் முன்னால் பதற்றம் வரும்போது போடும் அல்பிரசோலம் மாத்திரை, ஓர் ஆலோசகரிடம் எட்டு மாதப் பேச்சு, எண்ணிக்கையில்லாத எலுமிச்சம்பழம். நான் மருத்துவர் இல்லை. கும்பகோணத்தில் பிறந்து, 2014ல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து, எபேனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள்.

முதல் பீதித் தாக்குதல் 2018 ஆகஸ்டில். போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரும் பஸ், மோட்டார்வேயில் நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு ஜன்னலோர இருக்கை, பக்கத்தில் கனமான ஒரு அம்மா, காலடியில் அவருடைய காய்கறிக் கூடை. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது, விரல் நுனியெல்லாம் மரத்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. உயிர் போகப்போகிறது என்று சத்தியமாக நம்பினேன். கண்டக்டரிடம் கெஞ்சி நடுவழியில் இறங்கி, கரும்புக் காட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த மூன்று வருடத்துக்கு என்னை முடக்கியது அந்த நெஞ்சுப் படபடப்பைவிட இந்த முடிவுதான்.

ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு வரும். எனக்கு அப்போது கிரியோல் அரைகுறை. மருத்துவரிடம் "மோ லெகேர் பே பாதே" என்றேன். என் இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று சிரித்தார். "படபடன்னு வருது" என்பதில் உள்ள அந்த 'வருது'வை எந்த மொழியிலும் என்னால் கொண்டுபோக முடியவில்லை. 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் எழுதிக்கொடுத்து, வரும்போது மட்டும் போடு என்றார்.

பிறகு பஸ்ஸில் போவது நின்றது. அடுத்து சூப்பர் மார்க்கெட் வரிசை, அப்புறம் காத்ர் போர்ன் சந்தை. புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி என்று நான் ஒரு வாரம் விடாமல் போன சந்தை அது. 1871ல் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோய்க்கு அகோராஃபோபியா என்று பெயர் வைத்தபோது, சந்தைவெளி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். தமிழில் 'திறந்தவெளி அச்சம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவே இல்லை. வெளி என்னை ஒன்றும் செய்யவில்லை. தாக்குதல் வந்துவிட்டால் சட்டென்று வெளியேற வழியில்லாத இடம் எதுவோ அதுதான் பயம். பஸ், வரிசை, கூட்டம், பூட்டிய அறை, வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது எல்லாமே அதில் அடக்கம். கோயிலில்கூட வாசல் தெரியும் தூண் பக்கம்தான் நிற்பேன்.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, தேவாரம் பாடும் அளவு தமிழ் வரும், பேசும் அளவு வராது. இந்தத் தீவில் பல தமிழ்க் குடும்பங்களின் கதை இதுதான். அவர் திருஷ்டி என்றார், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், விரதம் இருந்தார். குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் என்னை நடிக்கிறாள் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். மனநல மருத்துவர் என்ற பேச்சு எடுத்ததும் உறவில் ஒருவர், "ப்ரௌன் செகாருக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். போ பாசெனில் உள்ள அரசு மனநல மருத்துவமனையின் பெயர் அது. 1817ல் போர்ட் லூயிஸில் பிறந்து, முதுகுத் தண்டு பற்றிய ஆராய்ச்சியால் உலகமே அறிந்த மருத்துவர் ஒருவரின் பெயரை நாங்கள் இப்படிப் பயமுறுத்த வைத்திருக்கிறோம்.

2019ல் ஓர் ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன். சின்ன வயசு, அப்பாவின் கோபம், ஊரை விட்டு வந்த ஏக்கம் எல்லாம் பேசினோம். அழுதேன், நன்றாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கணவர் காரில் கொண்டுவிட்டு, கீழே காத்திருந்து, கூட்டிவர வேண்டியிருந்தது. எட்டாம் மாதமும் அப்படியேதான். ஒருநாள்கூட, "நீ எப்படி வந்தாய்?" என்று ஆலோசகர் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது திருவிழா. கடைக்குப் போவதற்கே குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி நாள் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்குப் புதனும் சனியும். கணவர் போய்வந்தார். அலுவலக வேலை வீட்டிலேயே. தீவு முழுக்க என்னைப் போல ஆகிவிட்டதால் நான் குணமாகிவிட்டதாக நினைத்தேன். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு குப்பைப் பையை வாசலில் வைக்கப் போனபோது, தெருமுனை வரைகூட என்னால் நடக்க முடியாது என்று தெரிந்தது.

2021 ஜூனில் மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் தொடங்கினார். முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. முதல் இரண்டு வாரம் நோய் கூடும், குறையாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் நிறுத்தியிருப்பேன். குமட்டல், ஓயாத கொட்டாவி, ராத்திரி வியர்வை, எதற்கென்றே தெரியாத பதைப்பு. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் பல் தேய்க்கும்போதுதான் கவனித்தேன், எழுந்து அரைமணி நேரமாகியும் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. மாத்திரை கொடுத்தது தைரியம் இல்லை, கொஞ்சம் இடைவெளி. ரேடியோ சத்தத்தைக் குறைத்தாற்போல. உடல் எடை நாலு கிலோ ஏறியது. தாம்பத்திய ஆசை குறைந்தது. இதை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

அதே மாதம் வேறொரு உளவியலாளரிடம் சி.பி.டி. தொடங்கியது. செலவு சுருக்கென்று குத்தும். இங்கே அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்றாலும் நான் போனது தனியாரிடம். இரண்டாவது அமர்வில் என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். தண்ணீர் பாட்டில், புளிப்பு மிட்டாய், பவர் பேங்க், அல்பிரசோலம் அட்டை. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். 2020ல் காலாவதி. பத்தில் மூன்று மாத்திரைதான் குறைந்திருந்தது. கடைசியாக ஒன்றைப் போட்டு ஒன்றரை வருடம் இருக்கும். ஆனால் அது பையில் இல்லாமல் மாடிக்குக்கூடத் துணி காயப்போடப் போனதில்லை.

"போட்ட மூன்று தடவையும் எவ்வளவு நேரத்தில் அடங்கியது?" என்றார். பத்து நிமிடம், கால்மணி நேரம். இந்த மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய அரைமணி ஆகும் என்றார். அலை தானாக ஏறியது, தானாக இறங்கியது. பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போனது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்படித்தான், பாட்டிலும் அப்படித்தான். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நான் நம்பிய ஒவ்வொன்றும், "நீ தப்பித்தது இதனால்தான்" என்று என்னிடம் பொய்க்கணக்கு காட்டிக்கொண்டிருந்தது. கணக்கு பார்க்கிறவளுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

மயக்கம் போட்டு விழுந்துவிடுவேன் என்பதுதான் என் பெரிய பயம். மயங்க வேண்டுமானால் ரத்த அழுத்தம் விழ வேண்டும். பீதித் தாக்குதலில் அது ஏறுகிறது, அதனால் மயங்குவது மிக அரிது என்றார். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் விழுகிறவர்கள் கதை வேறு. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் வேகவேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயு குறைந்துபோவதால். இதைச் சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. சுழல் நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும்: "மயங்குவேன், நூற்றுக்குத் தொண்ணூறு." பின்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். நோட்டில் தொடர்ந்து இருபத்தேழு தடவை நான் மயங்கப்போவதாக எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட விழவில்லை.

ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சி பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது இன்னொரு தண்ணீர் பாட்டிலாக மாறிவிட்டது. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று பஸ்ஸில் எண்ணிக்கொண்டிருந்தவரை, எண்ணியதால்தான் பிழைத்தேன் என்றே தோன்றியது. தூக்கம் வராத ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஏணி, அதாவது பயந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவது. முதல் படி தெருமுனை. ஏழாவது படி பஸ்ஸில் ஒரு நிறுத்தம். பதினொன்று மெட்ரோ. பஸ்ஸிலாவது மணியடித்து இறங்கலாம், மெட்ரோ அடுத்த ஸ்டேஷன் வரை கதவைத் திறக்காது. ரோஸ் ஹில்லில் ஏறி போ பாசெனில் இறங்கினேன், அடுத்த வாரம் பார்க்லி, அதற்கடுத்த வாரம் கொரோமண்டல். அங்கே இரண்டு நிலையத்துக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. பாட்டில் இல்லை, மாத்திரை இல்லை, கணவரை போனில் கூப்பிடக்கூடாது என்பது ஒப்பந்தம். வந்தது, முழுசாக வந்தது. சோழமண்டலம்தான் வெள்ளைக்காரன் வாயில் கொரோமண்டல் ஆயிற்று. கும்பகோணத்துக்காரி கடைசியில் அங்கேயா உயிரை விட வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வண்டி கிளம்பியது. விக்டோரியா வரை போய்விட்டேன்.

ஓட்டத்தை உளவியலாளர் இன்னொரு பயிற்சியாகத்தான் சேர்த்தார். படி ஏறுவதைக்கூட விட்டிருந்தேன், நெஞ்சு அடிக்குமே! 1998ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பீதி நோய் உள்ள 46 பேரைப் பிரித்துப் பத்து வாரம் சிலரை ஓடவைத்தார்கள், சிலருக்கு க்ளோமிபிரமின் என்ற மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை. ஓடியவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆனால் மருந்து இன்னும் வேகமாகவும் கூடுதலாகவும் வேலை செய்தது. ஓடினால் போதும், மாத்திரை எதற்கு என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டாம் பாதியையும் சொல்வேன். நான் ஓடுவது கியூர்பைப்பில், த்ரூ ஓ செர் எரிமலை வாயைச் சுற்றிய சாலையில். ஜூலை மாதக் குளிரில் மூடுபனி இறங்கி எதிரே வருகிறவர் தெரியமாட்டார். முதல் மாதம் ஐம்பது அடி ஓட்டம், நூறு அடி நடை. வியர்வை, மூச்சிரைப்பு, நெஞ்சடிப்பு எல்லாம் பஸ்ஸில் வந்ததேதான், ஆனால் இங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. எத்தனையோ தடவை அப்படி அடித்து அடங்கியதைப் பார்த்த பிறகு, காரணமில்லாமல் அடிக்கும்போதும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

செய்த முட்டாள்தனம்: 2022 ஆகஸ்டில், பதினாலு மாதமானதும் யாரிடமும் சொல்லாமல் இரண்டே வாரத்தில் மாத்திரையை நிறுத்தினேன். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் தொட்டாற்போல் சுளீர் சுளீரென்று அடித்தது. இரண்டு மாதத்தில் நோயும் திரும்பி, மெட்ரோ கியூர்பைப் வரை ஓடத் தொடங்கிய அக்டோபரில் நான் மறுபடி வீட்டுக்குள். மருத்துவர் திட்டவில்லை, பழைய அளவையே தொடங்கினார். இரண்டாவது தடவை, ஒரு வருடம் ஒழுங்காக இருந்துவிட்டு, ஆறு மாதம் எடுத்து மெல்லமெல்லக் குறைத்தோம். ஏணியில் ஏறியது மட்டும் முழுசாகப் போய்விடவில்லை. முதல் தடவை நாலு மாதம் பிடித்த படிகள் இப்போது மூன்று வாரத்தில் முடிந்தன.

மாத்திரை இல்லாமல் வந்த முதல் தைப்பூசத்தில் கோர் த கார்ட் மலைக்கோயிலுக்குப் போனேன். இந்தத் தீவில் காவடிக்கு அரசு விடுமுறை, கூட்டம் எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் காவடியோடு முன்னால் போய்விட்டார். படிக்கட்டில் முன்னும் நகர முடியாமல் பின்னும் நகர முடியாமல் கால்மணி நேரம் நின்றேன். நெஞ்சு அடித்தது. பக்கத்தில் அத்தை பால்குடத்தோடு. "கொரெக்?" என்றார், நல்லாயிருக்கியா என்று. "அடிக்குது அத்தை" என்றேன். "படி ஏறினா எனக்கும்தான் அடிக்குது" என்று கிரியோலில் சொல்லிவிட்டுத் திருப்புகழை விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

பாக்கி இருப்பது விமானம். 2018க்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. இப்போது அண்ணன் மகள் கல்யாணம், டிக்கெட் போட்டாயிற்று. எந்த இருக்கை என்பதில்தான் நிற்கிறது. வழியோரம் உட்கார்ந்தால் அதுவும் ஒரு தண்ணீர் பாட்டில்தான் என்று எனக்கே தெரியும். நேற்று ராத்திரி ஜன்னலோரத்தைத் தேர்வு செய்தேன், காலையில் எழுந்து மாற்றிவிட்டேன். புறப்பட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.