காட்பாடிப் பக்கம் 6,500 ரூபாய்க்கு விற்கும் ‘சென்சார் குச்சி’: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

எதிரே ஏதாவது இருந்தால் அதிர்ந்து சொல்லும் என்று, பார்வையற்றவர்கள் இருக்கும் வீடாகத் தேடிப் போய் இந்தக் குச்சியை விற்கிறார்கள். வாங்கி இருபதே நாளில் ஊமையாகிப்போன ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது இதுதான்.

குச்சி என்பது முக்கால் இஞ்ச் பிவிசி குழாய், மேலே வெள்ளை ஸ்டிக்கர். மடிக்க முடியாது. அடியில் நாற்காலிக் கால் ரப்பர். அது தரையைப் பிடித்துக்கொள்ளும், தட்டினால் ஓசையும் வராது. மண்ணா, சிமென்டா, சாக்கடை மூடியா என்று கைக்குத் தெரியாது. மேல் டப்பாவில் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டின் நகல் ஒன்று, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், செல்போனில் இருப்பது போன்ற அதிர்வு மோட்டார், 9 வோல்ட் பேட்டரி. சில்லறையில் வாங்கினாலும் எல்லாம் சேர்த்து 700 ரூபாயைத் தாண்டாது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை, இது ஆளையே விழவைக்கும். அந்த 9 வோல்ட் பேட்டரி கொஞ்சமாகக் கரன்ட் இழுக்கும் சாமான்களுக்கானது. சற்றுத் தேய்ந்ததும், மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நேரத்தில்தான் அணைகிறது! அதிர்வு இல்லையென்றால் வழி காலி என்றுதானே நடப்பவர் நினைப்பார்? சார்ஜ் குறைகிறது என்று சொல்ல ஒரு பீப்கூட வைக்கவில்லை.

அதிர்வதும் 50 சென்டிமீட்டருக்குள் வந்த பிறகுதான். நொடிக்கு 1 மீட்டர் நடப்பவருக்கு அரை நொடி அவகாசம். சென்சாரின் இரண்டு கண்ணும் திறந்தே இருப்பதால் தூறலுக்கே தாங்காது.

குழி, படி எல்லாம் காட்டும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முன்பக்கம் பார்க்கும் சென்சார் பள்ளத்தைக் காட்டாது. வேலூர் லாங்கு பஜார் ஓரத்துத் திறந்த கால்வாயைக் குச்சி நுனிதான் கண்டுபிடிக்கும். சென்சாரின் வேலை நெஞ்சு, முக உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை: நிறுத்திய லாரியின் பின்பக்கம், மரக்கிளை, கடைக் கம்பி. டெல்லி ஐஐடி உருவாக்கி 2014-ல் வந்த ஸ்மார்ட்கேன் இந்த வேலையைத்தான் செய்கிறது. மடக்குக் குச்சியின் பிடியில் கழற்றி மாட்டலாம், 3 மீட்டர் வரை உணரும், சார்ஜ் ஏற்றலாம். வந்தபோது விலை சுமார் 3,000 ரூபாய்.

யார் விற்றாலும் வாசலிலேயே சோதியுங்கள். டேப் வைத்து 2 மீட்டரில் ஒருவரை நிறுத்தி, அதிர்கிறதா பாருங்கள். ஒரு அட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள், பிறகு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள்; சாய்ந்த பரப்பு எதிரொலியை வேறு பக்கம் தள்ளும், துணி உறிஞ்சிவிடும். பத்து நிமிடம் விடாமல் அதிர விட்டு, நடுவில் அணைகிறதா பாருங்கள். டப்பாவை அணைத்துவிட்டு வெறும் குச்சியாக நடந்து பாருங்கள். அதில் தோற்றால் வேண்டவே வேண்டாம், சாதாரண வெள்ளைக் குச்சியே எவ்வளவோ மேல்.

அது இலவசமாகவே கிடைக்கும். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. துண்டுச்சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், செத்த பேட்டரி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.