கடைசிப் பக்கம் இல்லாத கதைகள்: ஸ்டோரிவீவர் பற்றி ஒரு டீச்சர்

யார் அதிகப் புத்தகம் படித்தார்கள் என்று எண்ணி ஸ்டிக்கர் ஒட்டுகிற வாசிப்புப் போட்டி எனக்குப் பிடிக்காது. அதில் பிள்ளைகள் பக்கம் புரட்டும் வேகம்தான் கூடும். படிக்காமல் ஜெயிக்கவே முடியாத போட்டியாக இருக்க வேண்டும். அதற்கு எனக்குக் கைகொடுப்பது ஸ்டோரிவீவர்.

சிறுவர் புத்தகங்கள் வெளியிடும் லாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய கதை இணையதளம் இது. இலவசம். தமிழ்க் கதைகள் நிறையவே கிடைக்கின்றன. ஒன்று முதல் நான்கு வரை படிநிலை பிரித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கும் கடகடவென்று படிக்கிற பிள்ளைக்கும் தனித்தனியாக எடுக்கலாம். ஆனால் நான் இதை விடாததற்குக் காரணம் உரிமம். பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸில், அதாவது மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தருகிற உரிமத்தில், இருப்பதால் அச்செடுக்கலாம், வெட்டலாம், மாற்றி எழுதலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களையும் உரிமத்தையும் போட்டு, மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிட்டால் போதும். நூலகப் புத்தகத்தில் கத்தரிக்கோல் வைக்க மனசு வருமா?

என் ஐந்தாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், குழுவுக்கு ஒரு கதை. கடைசிப் பக்கம் மட்டும் என் மேஜை டிராயரில். முடிவை அவர்களே எழுத வேண்டும். எழுதியதற்குக் கதைக்குள்ளிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் கேட்டதும்தான் சண்டை ஆரம்பிக்கும். "ஆடு காணாமப் போனது காலையில இல்ல, சாயங்காலம்தான்!" என்று ஒருத்தன் நாலாம் பக்கத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்து நிரூபித்தான். பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிற பையன் அவன். டிராயரைத் திறந்து நிஜ முடிவைப் படித்ததும், "மிஸ், எங்களோடதே நல்லாருக்கு" என்றார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது.

தலைப்பை மறைத்துவிட்டுப் பேர் வைக்கச் சொல்வது இன்னொரு போட்டி. அதுவும் நன்றாகத்தான் போகிறது.

ஓசூர்ப் பக்கம் என்பதால் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். ஒரே கதை பல மொழிகளில் கிடைப்பது இங்கே பெரிய வசதி. தெலுங்குப் பிரதியைக் கொடுத்தனுப்பினால் படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது வாசித்துக் காட்டுகிறார். மறுநாள் அதைத் தமிழில் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிரதியை வைத்திருக்கிற இன்னொரு பிள்ளை, கதை சொன்னவள் எதை விட்டாள், எதைச் சேர்த்தாள் என்று வரிவரியாகப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியதும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதி, மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் எல்லாக் கதையின் தமிழும் ஒரே தரத்தில் இருக்காது. முதலில் நீங்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வேறு கதை எடுங்கள். பதிப்பகங்கள் வெளியிட்டவற்றிலிருந்து தொடங்கினால் தேடுகிற வேலை குறையும். படங்களை மட்டும் எடுத்துப் புதுக்கதை எழுதுகிற வசதியும் இருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், போனில் செய்வது சிரமம்.

பிடிஎஃப் இறக்க ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், அதுவும் இலவசம்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்கு முன் படங்களைப் பாருங்கள். ராத்திரி, காடு என்று வரும் கதைகள் கறுப்பு வெள்ளையில் மை அப்பிக்கொண்டு எழுத்தே தெரியாது. கோட்டோவியமாக உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமாக, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் எடுத்தால் கடைசிப் பக்கத்தை ஒளித்துவைக்க முடியாது.