ஏபிசி கட்டவா, ப்ரீப்ரின்ட் போடவா? அதைவிட, டேட்டா எங்கே?

பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஸ்காலர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்ல ரெண்டாயிரம் டாலர் கேக்கிறாங்க. கட்டிரலாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "டேட்டாவை எங்கே வைக்கப்போறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "லேப்டாப்ல இருக்கு சார்."

முதல் கேள்விக்கு மூன்று வழிகள் உண்டு. எதை எடுத்தாலும் உயிர் போய்விடாது. இரண்டாவதில் தவறினால் ஐந்து வருட உழைப்பில் மிஞ்சுவது ஒரு பிடிஎஃப் மட்டும். அதனால் கட்டுரைக்கான வழிகளை முதலில் எடை போட்டுவிட்டு, தரவுக்கு நிதானமாக வருகிறேன்.

கட்டுரைக்கு மூன்று வழிகள்

எழுதியவர் கட்டணம் கட்டினால் படிப்பவருக்கு இலவசம். இது முதல் வழி. அந்தக் கட்டணத்தைத்தான் ஏபிசி என்கிறோம். நேச்சர் இதழ் 2021இல் இந்த வழியைத் திறந்தபோது வைத்த விலை 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அப்போது ஆய்வு மாணவருக்குக் கிடைத்த ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். இரண்டேகால் வருடத் தொகையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் ஒரு கட்டுரை திறக்கும். எல்லா இதழும் இந்த விலை இல்லைதான். ஆயிரத்துச் சொச்சம் டாலரில் முடித்துக் கொடுக்கும் கண்ணியமான இதழ்களும் இருக்கின்றன. ஏழை நாடுகளுக்கு முழு விலக்கு என்று தளத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. எழுதிக் கேட்டால் சிலர் குறைப்பார்கள், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலையைவிடப் பெரிய தொல்லை, இந்த வழியின் நிழலில் முளைத்த போலி இதழ்கள். எனக்கே ஒருமுறை அனுப்பிய மூன்றாம் நாள் "மதிப்பாய்வு முடிந்தது, கட்டுரை ஏற்கப்பட்டது" என்று மெயில் வந்தது. இணைப்பில் மதிப்பாய்வுக் குறிப்பு எதுவும் இல்லை, வங்கிக் கணக்கு எண் மட்டும் இருந்தது. ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் போலி இதழ்களுக்கென்று வைத்திருந்த கறுப்புப் பட்டியல் 2017 ஜனவரியில் மறைந்துவிட்டது. நல்ல இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி நாமேதான் பார்த்துத் தெளிய வேண்டும். ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் டிஓஏஜே அடைவில் இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல், அந்த இதழில் சமீபத்தில் வந்த நாலு கட்டுரையை எடுத்துப் படித்துப் பாருங்கள். குப்பை என்றால் மூக்குக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது வழிக்குக் காசு வேண்டாம். சந்தா இதழுக்கே அனுப்புங்கள், ஆனால் அனுப்பும் அன்றே ஒரு பிரதியை ப்ரீப்ரின்ட் தளத்தில், அதாவது மதிப்பாய்வுக்கு முன்பே எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இடத்தில், ஏற்றிவிடுங்கள். இயற்பியல்காரர்களுக்கு இது பழைய பழக்கம். 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்கைவ் தளத்துக்கு இந்தியாவில் இருந்த நகல் தளம் சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில்தான் இருந்தது. ரஷ்யக் கணிதர் பெரல்மான், பாங்கரே கணிப்பின் நிரூபணத்தை 2002, 2003இல் ஆர்கைவில் போட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம், ஸ்கோப்பஸ் அடைவில் உள்ள இதழ்களில் எத்தனை கட்டுரை என்று டிபார்ட்மென்ட்டில் கேட்பார்கள். உயிரியலுக்கு பயோஆர்கைவ் 2013இலும், மருத்துவத்துக்கு மெட்ஆர்கைவ் 2019இலும் வந்தன. பெங்களூரு ஐஐஎஸ்சி தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கான களஞ்சியத்தை 2002இலேயே திறந்தது. 2004இல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்று பயிலரங்கு நடத்திய சுப்பையா அருணாசலம், அதற்கு அப்புறமும் விடாமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். காசில்லாத வழி இருபது வருடமாக நம் தெருவிலேயே இருக்கிறது. நாம்தான் ஆட்டோ பிடித்துச் சுற்றிப் போகிறோம்.

இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே கட்டுரைக்கு மூன்று கோப்புகள் இருக்கும். இதழுக்கு முதலில் அனுப்பிய வேர்டு கோப்பு ஒன்று. மதிப்பாய்வாளர் சொன்னபடி திருத்தி, ஏற்கப்பட்ட வேர்டு கோப்பு இன்னொன்று. பதிப்பகத்தின் லோகோவும் பக்க எண்ணும் போட்டு வந்த அழகான பிடிஎஃப் மூன்றாவது. சந்தா இதழ் என்றால், அந்த மூன்றாவதைப் பொதுவில் போடும் உரிமை பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. நம் ஆட்கள் ஆசையாக ரிசர்ச்கேட் என்ற ஆய்வாளர்களின் சமூக வலைத்தளத்தில் ஏற்றுவது அதைத்தான். இரண்டாவதைப் போடலாம், ஆனால் பல பதிப்பகங்கள் ஆறு மாதம், ஒரு வருடம் பொறுக்கச் சொல்லும். முதலாவதை இன்றைக்கே போடலாம். "ப்ரீப்ரின்ட் போட்டா ஐடியாவைத் திருடிடுவாங்க" என்று பயப்படும் கைடுகள் உண்டு. தேதி முத்திரையோடு ஊரறியக் கிடப்பதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை.

மூன்றாவதை வைர வழி என்கிறார்கள். எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். ஒரு சங்கமோ அரசோ செலவை ஏற்கும். கேட்க இனிக்கிறது, ஆனால் யாராவது ஒருவர் தொடர்ந்து கை கொடுக்க வேண்டும். மும்பையின் மெட்நோ பல மருத்துவச் சங்கங்களின் இதழ்களை அச்சுப் பிரதிச் சந்தாவை வைத்து ஓட்டி, இணையத்தில் இலவசமாகக் கொடுத்து, எழுதியவரிடமும் காசு வாங்காமல் நடத்திக் காட்டியது. 2011இல் வோல்டர்ஸ் க்ளூவர் அதை வாங்கிவிட்டது.

என் தீர்ப்பு: உங்கள் துறையில் நல்ல வைர இதழ் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் இரண்டாவது வழி. நிதி கொடுக்கும் அமைப்பே ஏபிசிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தால் மட்டும் முதல் வழி.

"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்திருச்சே?" என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம் அது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிப்பதற்கான ஏற்பாடு. நெல் குலைநோய் பற்றி நீங்கள் எழுதியதை, ஊரில் உரக்கடை வைத்திருக்கும் பி.எஸ்சி. அக்ரி பட்டதாரி படிக்க அது உதவாது.

2020இன் இரண்டு கட்டுரைகள்

சரி, தரவுக்கு வருவோம். 2020 ஜனவரி கடைசியில், புதுக் கொரோனா வைரஸில் எச்ஐவியின் துண்டுகள் இருப்பதுபோல் காட்டிய ஒரு ப்ரீப்ரின்ட் டெல்லியிலிருந்து பயோஆர்கைவில் ஏறியது. ட்விட்டர் பற்றிக்கொண்டது. ஆனால் வைரஸின் மரபணு வரிசை அந்த மாதமே பொதுவில் வந்திருந்தது. ஒப்பிட வேண்டிய மற்ற வரிசைகளும் ஜென்பேங்க் என்ற பொது மரபணுக் களஞ்சியத்தில் கிடந்தன. தெரிந்தவர்கள் உட்கார்ந்து தேடிப் பார்த்தார்கள். அவ்வளவு குட்டித் துண்டுகள் எத்தனையோ உயிரிகளில் தற்செயலாகவே கிடைக்கும் என்று காட்டினார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

மே 22ஆம் தேதி லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. இது மதிப்பாய்வெல்லாம் தாண்டி வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 கோவிட் நோயாளிகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தவர்களில் சாவு அதிகம் என்ற முடிவு. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. தரவு முழுக்க சர்ஜிஸ்பியர் என்ற சின்னக் கம்பெனியின் கையில் இருந்தது, வெளியாள் யாரும் பார்த்ததில்லை. கட்டுரையின் கணக்குப்படி ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21க்குள் 73 சாவு. நாட்டின் மொத்தக் கணக்கே 67தான். அங்கே இடறியது. தணிக்கைக்குத் தரவைக் கொடுங்கள் என்றபோது கிடைக்கவில்லை. ஜூன் 4ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மதிப்பாய்வே பார்க்காத கட்டுரை இரண்டு மூன்று நாளில் விழுந்தது. லான்செட்டின் மதிப்பாய்வைத் தாண்டியது இரண்டு வாரம் நின்றது. முதலாவதன் தரவு தெருவில் கிடந்தது, இரண்டாவதன் தரவு பெட்டிக்குள் இருந்தது. ஏபிசி கட்டுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டும்தான் ஞாபகம் வரும்.

தரவு எங்கே இருக்கலாம்

"கேட்டால் தரப்படும்." கட்டுரையின் கடைசியில் எல்லோரும் எழுதும் வாக்கியம். அப்படி எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு குழு உண்மையிலேயே எழுதிக் கேட்டது. முடிவு 2022இல் வந்தது. கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. எல்லோரும் பொய்யர்கள் என்று அர்த்தமில்லை. நான் ஒருமுறை இப்படி எழுதிக் கேட்டேன். ஸ்காலரின் கல்லூரி மெயில் திரும்பி வந்தது. கைடைப் பிடித்தால், "பையன் ஜெர்மனி போயிட்டான், லேப்டாப்பும் அவனோட போயிருச்சு" என்றார். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார்.

கூகுள் டிரைவ் லிங்க் இதன் தம்பி. கல்லூரிக் கணக்கில் வைத்தால் நீங்கள் வெளியேறும் வருடம் அதுவும் போகும். கிட்ஹப் நிரலுக்கு அருமையான இடம். ஆனால் 100 எம்பிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது, உரிமையாளர் நினைத்தால் ஒரே சொடுக்கில் அழித்துவிடலாம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடையாது. வேலை செய்யும் மேசை அது, பத்திரங்களை வைக்கும் பீரோ இல்லை.

பீரோ வேண்டுமென்றால் நான் சொல்வது ஜெனோடோ. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிறது. அலெக்சாண்டிரியா நூலகத்தின் நூலகர் ஜெனோடோட்டஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். காசில்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. எனக்குப் பிடித்தவை இரண்டு. வெளியிடும் முன்பே டிஓஐயை ஒதுக்கி வாங்கி, கட்டுரைக்குள் எழுதிவிடலாம். தரவை மாற்ற வேண்டி வந்தால் பழையது அழியாது. புது வெர்ஷன் தனி டிஓஐயோடு பக்கத்தில் வந்து நிற்கும். குறையும் உண்டு. நீங்கள் குப்பையைக் கொட்டினாலும் "என்னப்பா இது?" என்று கேட்க ஆளில்லை.

அப்படிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் டிரையாட். அங்கே ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்பார். அதற்குக் கட்டணம் உண்டு, எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ஃபிக்‌ஷேர் கிட்டத்தட்ட ஜெனோடோ மாதிரிதான், ஆனால் கம்பெனி நடத்துவது. சமூக அறிவியல்காரர்களுக்கு ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் பழகிய இடம். மரபணு வரிசை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ஜென்பேங்கிலோ ஃபரிதாபாத்தில் 2022இல் திறந்த இந்திய உயிரியல் தரவு மையத்திலோதான் வைக்க வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது, அதில் எதை வைப்பது? ஒரு ஸ்காலரின் நெல் வயல் ஷீட்டைத் திறந்தேன். பெயர் "ஃபைனல்_ஃபைனல்_2". தேதிப் பத்தியில் 03/04/2021. ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ? அவருக்கே தெரியவில்லை. திருவாரூர் ஆங்கிலத்தில் எச் போட்டும் போடாமலும் கிடந்தது, சில வரிகளில் வெறும் மூன்றெழுத்து. கணினிக்கு அது மூன்று ஊர். விவசாயிகள் சொன்ன பதில்கள் பாமினி எழுத்துருவில். என் கணினியில் அவை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு மாற்றி, எந்தக் கணினியும் படிக்கும் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்க ஒரு மதியம் போனது. அந்தத் தேதிக் குழப்பம் எக்செல் எல்லோருக்கும் வைக்கும் ஆப்புதான். மார்ச்1 என்ற மரபணுவை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுவின் பெயரையே மாற்றும்படி ஆனது.

கூடவே ஒரு விளக்கக் கோப்பு. "உயரம்: தரையிலிருந்து கதிர் நுனி வரை, செ.மீ., அறுவடைக்கு முந்தின நாள் அளந்தது." இப்படிப் பத்திக்கு ஒரு வரி போதும். உரிமத்துக்கு சிசி பை போடுங்கள், உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். வணிகத்துக்குக் கூடாது என்று கட்டுப்போட ஆசை வரும். போட்டால் நியாயமாகப் பயன்படுத்த நினைப்பவர்தான் பயந்து விலகுவார்.

எல்லாவற்றையும் திறக்கவும் கூடாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கே தேவாங்கு பார்த்த மரங்களின் ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே போட்டால், பிடிக்க வருபவனுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தது மாதிரி. 0.1 பாகைக்கு முழுமையாக்கினால் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் மங்கிவிடும். ஆய்வுக்குப் போதும், பிடிக்க வருபவனின் வலைக்குப் போதாது. நோயாளி விவரமும் அப்படித்தான். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊர், அரிய நோய், வயது மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஜெனோடோவில் அனுமதி கேட்டால் மட்டும் திறக்கும்படி வைக்கும் வசதி உண்டு.

அந்த நெல் வயல் ஸ்காலர் போன மாதம் கூப்பிட்டார். "சார், டிஓஐ வந்திருச்சு. ஆனா இப்பத்தான் பாக்கிறேன், 14ஆம் பிளாட் மகசூல் தப்பா ஏறியிருக்கு. கட்டுரை ரிவ்யூல இருக்கு, என்ன பண்றது?"

"புது வெர்ஷன் போடுங்க. என்ன மாத்தினீங்கன்னு மேல ஒரு வரி எழுதுங்க. எடிட்டருக்கும் சொல்லிடுங்க."