அதே முகமா, அதே கதையா?

1987-இல் வந்த 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி' படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது விடிகிறது. வெயில் பட்டால் சியூ சின் என்ற அந்தப் பேய்ப் பெண் அழிந்துபோவாள். அவளைக் காதலிக்கும் நிங் என்ற வாலிபன் பலகையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை மறைக்கிறான். கையை எடுத்தால் அவள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பார்க்காமலே அவளை அஸ்திக் கலயத்துக்குள் அனுப்பிவைக்கிறான்.

இதற்கு அப்புறம் என்ன கதை சொல்ல முடியும்? ஹாங்காங்கில் இதே இயக்குநர் சிங் சியூ டங்கும் தயாரிப்பாளர் சுய் ஹார்க்கும் இரண்டு பதில்கள் கொடுத்தார்கள். 1990-இல் இரண்டாம் பாகம், 1991-இல் மூன்றாம் பாகம். எது நல்ல தொடர்ச்சி என்று கேட்டால் ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சிதான். நான் இரண்டாம் பாகத்தின் கட்சி. ஆனால் எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

முதல் பாகத்தில் நிங்காக நடித்த லெஸ்லி சியுங், சியூ சின்னாக நடித்த ஜோயி வாங், வாள்வீரத் துறவியாக நடித்த வூ மா மூவரும் இரண்டாம் பாகத்தில் திரும்ப வருகிறார்கள். கதைதான் முற்றிலும் வேறு. நிங் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் விழுகிறான், ஒரு முதியவரின் உதவியால் தப்பிக்கிறான், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட அப்பாவை மீட்கக் கிளம்பிய இரண்டு சகோதரிகளிடம் போய்ச் சேருகிறான். அக்காவுக்கு அச்சு அசல் சியூ சின்னின் முகம். ஆனால் அவள் பேய் இல்லை, உயிரோடு இருக்கும் பெண். பட்டப்பகலில் அவன் எதிரே நிற்கிறாள்.

இங்கேதான் பார்த்தவர்கள் பிரிகிறார்கள். "காதல் எங்கே போயிற்று?" என்பது பெரும்பாலோரின் குறை. முதல் பாகத்தில் நீர்த்தொட்டிக்குள் ஒளித்துவைத்து மூச்சுக் கொடுத்த அந்த நெருக்கம் இதில் இல்லை என்கிறார்கள். ஆள் கூட்டம் அதிகம், காதலர்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கும் நேரம் கொஞ்சம் என்கிறார்கள். இதெல்லாம் உண்மைதான். கடைசியில் வரும் ராட்சதப் பூரான் இன்றைய கண்ணுக்கு ரப்பராகத் தெரிகிறது என்பதும் உண்மை.

ஆனாலும் எனக்கு இந்தப் படம் பிடிக்கக் காரணம், அது நிங்கின் காயத்தை விட்டுவிடவில்லை என்பதுதான். கடைசியாகப் பார்க்க முடியாமல் போன முகத்தை இப்போது வேறொருத்தியின் தோள்மேல் பார்க்கிறான். இவளை நேசிப்பதா, இவளுக்குள் இல்லாத அவளைத் தேடுவதா? படம் இதற்கு வசனம் எதுவும் வைக்கவில்லை. முதன்முதலாக அவளைப் பார்க்கும்போது லெஸ்லியின் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்துபோகின்றன. அதிலேயே எல்லாம் இருக்கிறது. தங்கையாக வரும் மிஷேல் ரெய்ஸும் அவனை விரும்பி, அக்காவுக்காக ஒதுங்கிக்கொள்கிறாள். அந்தச் சின்னப் பாத்திரத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

சிரிக்கவும் நிறைய இருக்கிறது. மண்ணுக்குள் புகுந்து ஓடும் தாவோ சமய மந்திரவாதியாக ஜாக்கி சியுங் அட்டகாசம் செய்கிறார். ஆளை அசையாமல் நிறுத்தும் மந்திரத்தை நிங்குக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நிங் அதைத் தவறுதலாக அவர் மீதே ஏவிவிடுகிறான். பக்கத்தில் ஒரு பெரிய பூதம், நடுவே உறைந்துபோன மந்திரவாதி. இந்தக் காட்சி பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அப்புறம் அரசியல். சிறையில் இருக்கும் அந்த முதியவர் ஓர் எழுத்தாளர். பயண நூல் எழுதினால் நாட்டு ரகசியத்தை வெளியிட்டதாகச் சொன்னார்கள், வரலாறு எழுதினால் ஆட்சியை இடித்துரைப்பதாகச் சொன்னார்கள், பேய்க்கதை எழுதினால் மூடநம்பிக்கை என்றார்கள் என்று புலம்புகிறார். பிறகு அரண்மனை அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி. தொட்டுப் பார்த்தால் உடை மட்டும்தான், உள்ளே எல்லாம் அரித்துத் தின்னப்பட்டு வெறும் கூடு. 1989-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தைச் சீன அரசு ஒடுக்கிய அடுத்த ஆண்டே வந்த ஹாங்காங் படம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். சீனத் தலைப்பே 'மனிதர் வாழும் வழி' என்ற பொருளில் முடிகிறது. பேய்கள் குறைந்துவிட்டன என்று குறைப்படுபவர்களுக்கு என் பதில் இதுதான்: இதில் பேயைவிட மோசமானவர்கள் மனிதர்கள்.

மூன்றாம் பாகம் நேர்மாறு. கதை அதே கதை, ஆள்தான் மாறுகிறது. முதல் பாகம் முடிந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன, அடக்கிவைத்த மரப்பிசாசு மறுபடி எழுகிறது. லெஸ்லி இல்லை. தங்கப் புத்தர் சிலையைக் குருவோடு சேர்ந்து எடுத்துப்போகும் இளம் பிக்குவாக டோனி லியுங். அவரை மயக்க வரும் பேயாக ஜோயி வாங். பாழடைந்த அதே கோயில், மரப்பிசாசின் அதே நீள நாக்கு.

"முதல் படத்தையே இன்னொரு தடவை எடுத்திருக்கிறார்கள்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இது அவசரத் தீர்ப்பு. முதல் பாகத்தில் நிங் காதலிக்கத் தயங்க வேண்டிய அவசியம் இல்லை. வாலிபன், தனி ஆள். பிக்குவுக்கு அப்படியா? அவள் நெருங்க நெருங்க அவர் சூத்திரம் ஓதும் வேகம் கூடுகிறது. முதலில் சிரிப்பு வரும். போகப் போக, அந்தப் பையன் உண்மையாகவே தன் விரதத்தோடு போராடுகிறான் என்று புரியும்போது சிரிப்பு நின்றுவிடும். டோனி லியுங்கின் கண்கள் பின்னாளில் உலகப் புகழ் பெற்றதற்கான அறிகுறி இங்கேயே தெரிகிறது. ஒளியமைப்பும் சண்டையும் இரண்டாம் பாகத்தைவிட ஒழுங்காக இருக்கின்றன என்பேன். ஆனால் நடுவில் படம் நீள்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நிங் என்ன ஆனான் என்று கேட்டு வந்தவனுக்கு இதில் பதில் இல்லை.

லெஸ்லி நடித்த இன்னொரு தொடர்ச்சியையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்கள்: 'தி பிரைட் வித் ஒயிட் ஹேர்' இரண்டாம் பாகம். இரண்டு பாகங்களும் 1993-இலேயே வந்தன. காதலன் நம்பாமல் போனதால் ஒரே நொடியில் தலை நரைத்த பெண்ணாக பிரிஜிட் லின். முதல் பாகத்தை ரானி யூ இயக்கினார், இரண்டாவதை டேவிட் வூ. காதலனாக வரும் லெஸ்லி பனிமலையில் ஒரு பூவுக்காகக் காத்துக்கிடக்க, கதையை வேறு இளைஞர்கள் நடத்திப்போகிறார்கள். அவர் தொடக்கத்திலும் முடிவிலும்தான் வருகிறார். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் குறை இதுதான், நானும் அதையே சொல்கிறேன். தீக்கு நடுவே இருவரும் சந்திக்கும் அந்த முடிவு மட்டும் நெஞ்சைப் பிழியும். அதற்காக ஒருமுறை பார்க்கலாம்.

முதல் படத்தைப் பார்த்த அன்றே எதையும் தொடங்க வேண்டாம். சில நாள் போகட்டும். பிறகு இரண்டாம் பாகத்தை ஹாங்காங்கின் பேச்சுமொழியான கண்டோனீஸ் ஒலியிலேயே பாருங்கள். ஜாக்கி சியுங்கின் வேகம் அதில்தான் இருக்கிறது. மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, முதல் படத்தின் காட்சிகள் மங்கிய பிறகு எடுத்துக்கொண்டால் டோனியின் பிக்குவை நிங்கோடு ஒப்பிடாமல் பார்க்க முடியும். இரண்டாவது எப்படி முடிகிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தாலும் கெட்டுப்போகாது: இந்த முறை அவன் எந்தப் பலகையையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. திருமணக் கோலத்தில் ஓடிவந்த அவளோடு, பகல் வெளிச்சத்தில் குதிரையில் போகிறான்.